அடியெடுத்துக் கொடுக்கும் துணுக்கு: மோட்டிஃப் என்றால் என்ன?

"அந்தப் படத்துல தீம் சூப்பர்" என்பார் ஒருவர். "அது தீம் இல்ல, பிஜிஎம்" என்பார் பக்கத்தில் இருப்பவர். மூன்றாமவர் டியூன் என்பார். மூவரும் பேசுவது சில சமயம் ஒரே விஷயத்தைத்தான், சில சமயம் மூன்று வெவ்வேறு விஷயங்களை. டீக்கடைப் பேச்சுக்கு இது போதும். ஆனால் "ஒரு சின்ன இசைத் துண்டு என் கதைக்கு வித்தாக இருந்தது" என்று யாராவது சொல்லும்போது அது எப்படி நடந்தது என்று புரிந்துகொள்ள இந்தக் குழப்பம் உதவாது.

இதோடு இரண்டு தவறான எண்ணங்களும் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. நல்ல இசை காதில் விழுந்தாலே கற்பனை ஊறும் என்பது ஒன்று. ஒரே இசை திரும்பத் திரும்ப வந்தால் போட்டவரிடம் சரக்கு தீர்ந்துவிட்டது என்பது இன்னொன்று.

முதல் எண்ணத்துக்குப் பெரிய தீனி போட்டது 'மொஸார்ட் விளைவு'. 1993இல் 'நேச்சர்' இதழில் வந்த ஓர் ஆய்வில் 36 கல்லூரி மாணவர்கள் பங்கெடுத்தார்கள். மொஸார்ட்டின் பியானோ இசையைப் பத்து நிமிடம் கேட்டபின், காகிதத்தை மடித்து வெட்டினால் எப்படி இருக்கும் என்பது போன்ற வடிவப் புதிர்களைக் கொஞ்சம் நன்றாகச் செய்தார்கள். அந்தப் பலன் பத்துப் பதினைந்து நிமிடத்தில் போய்விட்டது. அதிலே குழந்தைகளும் இல்லை, படைப்புத் திறனும் இல்லை. ஆனாலும் பிறந்த குழந்தைக்கு மொஸார்ட் சிடி வாங்கிக் கொடுக்கும் அளவுக்கு அது வளர்ந்துவிட்டது. இசை படைப்புக்கு உதவுகிறது என்பது உண்மைதான். ஆனால் அறையில் ஊதுபத்தி போல மணந்துகொண்டிருந்து உதவுவதில்லை. அது வேலை செய்யும் விதம் வேறு, அந்த வேலைக்கு முழுப் பாட்டும் தேவையில்லை. நாலைந்து சுரம் போதும்.

புடவையில் இருக்கும் மாங்காய்

பட்டுப்புடவை ஒன்றை விரித்துப் பாருங்கள். உடல் முழுக்க மாங்காய் புட்டா சின்னச் சின்னதாய்த் தூவியிருக்கும். கரையில் அதே மாங்காய் ஒன்றன்பின் ஒன்றாய் வரிசை கட்டி நிற்கும். முந்திக்கு வந்தால் அதே மாங்காய் பெரிதாகி, உள்ளே இன்னொரு மாங்காயைச் சுமந்துகொண்டு, எதிரெதிராய்த் திரும்பி நிற்கும். நெசவாளர் உருவாக்கிய உருவம் ஒன்றுதான். புடவை முழுக்க அதை வைத்துத்தான் கட்டியிருக்கிறார்.

இசையில் அந்தப் புட்டாவுக்குப் பெயர் மோட்டிஃப். தனித்து அடையாளம் காணக்கூடிய, திரும்பத் திரும்ப வரும் மிகச் சிறிய இசை உருவம். இரண்டு சுரமாகவும் இருக்கலாம், ஏழெட்டுச் சுரமாகவும் இருக்கலாம், சுரமே இல்லாத வெறும் தாளக்கட்டாகவும் இருக்கலாம். இந்தக் கட்டுரையில் இனி அதைத் துணுக்கு என்றே சொல்கிறேன்.

மெட்டு வேறு. மெட்டு என்பது தொடக்கமும் முடிவும் உள்ள முழு வாக்கியம், பாடி முடித்தால் 'அப்பாடா' என்று இருக்கும். துணுக்கு அப்படி முடியாது. பாதியில் நிறுத்திய பேச்சு போல "அப்புறம்?" என்று கேட்கவைக்கும். இந்த "அப்புறம்?"தான் கட்டுரை முழுக்க நாம் பின்தொடரப் போகும் ஆள்.

ப ப ப கா

உலகத்திலேயே அதிகம் பேர் அறிந்த துணுக்கு, ஜெர்மானிய இசையமைப்பாளர் பீத்தோவனின் ஐந்தாம் சிம்பனியின் தொடக்கம். 1808 டிசம்பர் 22 அன்று வியன்னாவில் முதன்முதலாக வாசிக்கப்பட்டது. நம் சுரக் கணக்கில் சொன்னால் 'ப ப ப கா' (இந்தக் 'கா', சாதாரண காந்தாரம் என்று பெயர் கொண்ட வகை). மூன்று குறில், ஒரு நெடில். ஒரு நொடி நிறுத்தம். உடனே ஒரு படி கீழே 'ம ம ம ரீ'. அவ்வளவுதான் சரக்கு.

இது எங்கிருந்து வந்தது என்பதற்கு இரண்டு கதைகள் உண்டு. "விதி இப்படித்தான் கதவைத் தட்டும்" என்று பீத்தோவன் சொன்னதாக அவருடைய உதவியாளர் ஷிண்ட்லர் எழுதினார். இந்த மனிதர் பீத்தோவனின் உரையாடல் குறிப்பேடுகளில் பின்னாளில் தாமாகவே வரிகளைச் சேர்த்தவர் என்று தெரிந்த பிறகு, அவர் சொல்லை நம்புவதில் அர்த்தமில்லை. பீத்தோவனின் மாணவர் ட்செர்னி சொன்ன கதை வேறு: பூங்காவில் நடக்கும்போது கேட்ட ஒரு குருவியின் கூவலாம். விதி என்பதைவிடக் குருவி எனக்குப் பிடிக்கிறது. ஆனால் இரண்டில் எது உண்மையானாலும் பெரிய வித்தியாசமில்லை. அந்தக் குருவியின் கூவலை அன்றைக்கு வியன்னாவில் எத்தனையோ பேர் கேட்டிருப்பார்கள்.

பீத்தோவன் செய்தது அதற்குப் பிறகு. முதல் பகுதி கிட்டத்தட்ட முழுவதையும் இந்த நாலு சுரத்தைக் கொண்டே கட்டினார். ஒரு வாத்தியம் 'ப ப ப கா' என்று விட்ட இடத்தில் இன்னொன்று பிடித்துக்கொள்ளும், பிறகு மூன்றாவது. அடுக்கடுக்காய் வந்து அதுவே ஒரு நீள மெட்டுபோலக் கேட்கும். சில இடங்களில் இறங்க வேண்டிய கடைசிச் சுரம் ஏறும். மூன்றாம் பகுதியில் கொம்பு வாத்தியங்கள் ஒரே சுரத்தில் 'ப ப ப பா' என்று முழங்கும். சுர மாற்றமே இல்லை, குறில் குறில் குறில் நெடில் என்ற நடை மட்டும் மிச்சம். ஆனாலும் கேட்டவுடன் "அட, அவனேதான்" என்று தெரிந்துவிடுகிறது. ஆளின் முகத்தைப் பார்க்காமல் படியேறி வரும் செருப்புச் சத்தத்தை வைத்தே "அப்பா வந்துட்டார்" என்கிறோமே, அதுபோல.

(இதன் இன்னொரு மறுபிறவியும் சுவையானது. மோர்ஸ் தந்தி முறையில் மூன்று புள்ளி ஒரு கோடு என்றால் ஆங்கில எழுத்து 'வி'. வி என்றால் வெற்றி. இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியரை எதிர்த்து பிபிசி இந்த நடையைத்தான் அடையாள ஒலியாக ஒலிபரப்பியது. எதிரி நாட்டில் பிறந்தவரின் துணுக்கு!)

இதுவரை: துணுக்கு என்பது மெட்டு அல்ல, மெட்டைக் கட்டும் சிறு உருவம். அதன் சுரம் மாறலாம், திசை மாறலாம், வாத்தியம் மாறலாம். ஏதாவது ஒரு பண்பு மட்டும் மாறாமல் இருந்தால் நம் காது அதை அடையாளம் கண்டுவிடும்.

ஐந்தாவது சங்கதி

இதைப் படிக்கும்போது கச்சேரி கேட்பவர்களுக்குச் சங்கதி ஞாபகம் வந்திருக்கும். கீர்த்தனையின் ஒரே வரியை, சொல் மாற்றாமல், இசையைப் படிப்படியாக விரித்துத் திரும்பத் திரும்பப் பாடும் ஒவ்வொரு வடிவமும் ஒரு சங்கதி. இதைக் கீர்த்தனையின் உயிர்நாடியாக வளர்த்தவர் தியாகராஜர் (1767–1847).

சின்ன வயதில் நான் பாட்டு வகுப்புக்குப் போன காலத்தில் சங்கதி என்றாலே எரிச்சல். ஒரே வரியை எத்தனை தடவைதான் பாடுவது? எங்கள் பாட்டு டீச்சர் ஒரு வேலை செய்வார். முதல் சங்கதி நேராக இருக்கும். இரண்டாவதில் வரியின் கடைசிச் சொல் மட்டும் கொஞ்சம் அசையும். மூன்றாவதில் அந்த அசைவு அப்படியே இருக்க, நடுச்சொல்லும் சேர்ந்து அசையும். நாலாவதில் மேல் ஸட்ஜத்தை எட்டிப் பார்த்துவிட்டு வரும். நாலு முடிந்ததும் டீச்சர் சட்டென்று நிறுத்தி, "அடுத்தது எப்படிப் போகும்னு நீயே பாடு" என்பார். என்ன ஆச்சரியம் என்றால், யாரும் முழிக்கமாட்டோம். ஏதோ ஒன்று வாயில் வந்துவிடும். பெரும்பாலும் தாளத்தில் இடித்து விழும், சில சமயம் ராகத்தையே விட்டு வெளியே போய்விடும். ஆனால் வரும். அதே டீச்சர் ஒன்றும் பாடிக்காட்டாமல் "கரஹரப்பிரியாவுல ஏதாவது புதுசா பாடு" என்று சொன்ன நாளில் வகுப்பே ஊமையாக உட்கார்ந்திருந்தது.

ஏதாவது பாடு என்றால் வராதது, நாலு முறை கேட்டபின் வருகிறது. ஏன்?

மனசு முந்திக்கொண்டு ஓடும் கதை

காலையில் தெருவில் வரும் கீரைக்காரம்மாவைக் கேளுங்கள். "அரக்கீர, சிறுகீர, முளக்கீரேய்" என்பது முதலில் வெறும் பேச்சாகத்தான் இருந்திருக்கும். தினமும் நூறு தடவை சொல்லிச் சொல்லி அதற்கு ஒரு ஏற்ற இறக்கம் வந்து இன்று அது பாட்டு. கேட்கிற நமக்கும் அப்படியே ஆகிறது. 1995இல் டயானா டாய்ச் என்ற உளவியலாளர் தம் சொந்தப் பேச்சுப் பதிவைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். அதில் ஒரு வாக்கியத்தின் சிறு துண்டு மட்டும் திரும்பத் திரும்ப ஓடும்படி விட்டுவிட்டு வேறு வேலையில் இருந்தார். சற்று நேரத்தில் அறையில் யாரோ பாடுவது போலக் கேட்டது. பதிவில் ஓர் எழுத்துகூட மாறவில்லை, அவருடைய பேச்சேதான். திரும்ப வந்ததாலேயே அது பாட்டாகிவிட்டது.

திரும்பத் திரும்பக் கேட்கும்போது காது 'என்ன சொல்கிறது' என்பதை விட்டுவிட்டு 'எப்படிப் போகிறது' என்பதைக் கவனிக்கத் தொடங்குகிறது. முதல் முறை செய்தி, இரண்டாம் முறை உருவம், மூன்றாம் முறை எதிர்பார்ப்பு. மூன்றாம் முறை வரும்போது மனசு இசைக்கு ஒரு எட்டு முன்னால் ஓடிப்போய் நின்றுகொள்கிறது.

மிருதங்க வித்வான்கள் இந்த எதிர்பார்ப்பைக் கணக்காகவே வைத்திருக்கிறார்கள். தனி ஆவர்த்தனத்தில், அதாவது பாட்டு நின்று தாள வாத்தியம் மட்டும் ஒலிக்கும் நேரத்தில், ஒரு பகுதி முடிகிறது என்பதற்கு அடையாளமாக ஒரே சொற்கட்டு மூன்று முறை வரும். 'ததிகிணதொம்' என்ற ஐந்தெழுத்துச் சொற்கட்டை எடுத்துக்கொள்ளுங்கள். இடைவெளி விடாமல் மூன்று முறை என்றால் பதினைந்து மாத்திரை. ஆதி தாளத்தின் ஒரு சுற்றுக்கு எட்டுத் தட்டு, தட்டுக்கு நாலு மாத்திரை வீதம் முப்பத்திரண்டு. பதினைந்தைக் கழித்தால் பதினேழு. ஆகப் பதினெட்டாவது மாத்திரையில், அதாவது ஐந்தாவது தட்டு விழுந்து ஒரு மாத்திரை தள்ளி, கோணலான ஓர் இடத்தில் வித்வான் தொடங்குவார். முதல் 'ததிகிணதொம்' எங்கோ தொடங்கி எங்கோ முடியும். இரண்டாவதும் தட்டோடு ஒட்டாது. மூன்றாவது முடிந்த கையோடு, தாளம் மறுபடி தொடங்கும் முதல் தட்டில், அதாவது சமத்தில், சரியாக வந்து விழுவார். கணக்குத் தெரியாதவர் கைகூட அந்த இடத்தில் தொடையில் தட்டிவிடும். இரண்டு முறை கேட்டவருக்கு மூன்றாவது தெரியும், மூன்றாவது எங்கே கொண்டுபோய் விடும் என்பதும் உடம்புக்குத் தெரியும்.

இப்போது அந்த மூன்றாவதை வாசிக்காமல் விட்டால்? உங்கள் மனசே வாசித்துக்கொள்ளும். கேட்பவர் செய்பவராக மாறுவது இந்த இடத்தில்தான். எங்கள் பாட்டு வகுப்பில் ஐந்தாவது சங்கதி பிறந்ததும் இப்படித்தான்: டீச்சர் விட்ட இடம் வெறும் காலியிடம் அல்ல, ஒரு குறிப்பிட்ட வடிவத்தில் வெட்டி வைத்த காலியிடம்.

சுருக்கமாகச் சொன்னால், திரும்பி வருவதால் உருவம் தெரிகிறது, உருவம் தெரிந்ததால் அடுத்தது என்ன என்ற எதிர்பார்ப்பு வருகிறது, எதிர்பார்ப்பு இருக்கும் இடத்தில் ஒரு பள்ளம் விட்டால் அதை நிரப்ப நமக்கே கை பரபரக்கிறது.

துணுக்கு அசையாமல் நின்றால்

பீத்தோவனிலும் சங்கதியிலும் துணுக்கு மாறிக்கொண்டே போகிறது. அது கல்லாய் நிற்க, மற்றதெல்லாம் மாறும் வகையும் உண்டு. அப்படி விடாப்பிடியாக ஓடும் துணுக்குக்கு மேற்கத்திய இசையில் ஆஸ்டினாட்டோ என்று பெயர். 'பிடிவாதக்காரன்' என்ற இத்தாலியச் சொல்லிலிருந்து வந்தது, பொருத்தமான பெயர். 1928இல் ராவேல் எழுதிய 'பொலேரோ'வில் ஒரு சின்ன முரசு இரண்டு தாளக்கட்டம் நீளமுள்ள ஒரே நடையை 169 முறை அடிக்கிறது. கால் மணி நேரம் வரும் அந்த இசையில் மாறுவது மேலே வாசிக்கும் வாத்தியங்களும் சத்தத்தின் அளவும்தான். முரசுக்காரரின் பாடு பாவம்.

நம் வீட்டு ஆஸ்டினாட்டோ தொட்டில். தாலாட்டில் இசை மாறவே மாறாது. தொட்டில் போய் வரும் நேரம்தான் வரியின் நீளம். அந்தப் பிடிவாதத்துக்குள் சொல் எப்படிப் பிறக்கிறது என்று பாருங்கள். ஊருக்கு ஊர் சின்ன மாற்றங்களோடு எல்லோருக்கும் தெரிந்த வரிகள்:

மாமன் அடிச்சானோ
மல்லிகைப்பூச் செண்டாலே
அத்தை அடிச்சாளோ
அரளிப்பூச் செண்டாலே

மாமனுக்கு மல்லிகை, அத்தைக்கு அரளி. மோனைக்கு முதலெழுத்து சேர வேண்டும் என்பதால் உறவு மாறினால் பூவும் மாறியாக வேண்டும். இரண்டு வரி கேட்டதும் உங்கள் மனசு சித்திக்குப் பூத் தேடத் தொடங்கியிருக்குமே? செவ்வந்தி. தாத்தாவுக்குத் தாழம்பூ. எழுதப் படிக்கத் தெரியாத தாய்மார்கள் குழந்தை தூங்கும்வரை சளைக்காமல் புதுப் புது வரியாகக் கட்டினார்கள் என்றால், அதில் பாதி வேலையை அந்தப் பிடிவாதமான இசை செய்து கொடுத்தது. அதே சமயம் அரளி அத்தைக்கு ஏன் போய்ச் சேர்ந்தது என்பது மோனையை மட்டும் வைத்து விளக்க முடியாத சமாசாரம். அரளி விஷம். நாத்தனார் மேல் உள்ள கோபம் ஒரு பூவுக்குள் ஒளிந்துகொண்டது என்றுதான் நான் நினைக்கிறேன்.

சுறா வராமலே சுறா

திரைப்படத்தில் நாம் தீம் என்று சொல்வது பெரும்பாலும் லைட்மோட்டிஃப்: ஓர் ஆளுக்கோ பொருளுக்கோ உணர்வுக்கோ கட்டிப்போட்ட துணுக்கு. 1876இல் பைராய்ட் நகரில் முழுதாக அரங்கேறிய வாக்னரின் நான்கு இசை நாடகங்களில் வாளுக்கு ஒன்று, மோதிரத்துக்கு ஒன்று என இப்படி ஏராளமாய் வரும். சினிமா அங்கிருந்து கற்றுக்கொண்டது.

1975இல் வந்த 'ஜாஸ்' படத்தில் சுறாவுக்கு ஜான் வில்லியம்ஸ் கொடுத்தது அடுத்தடுத்த இரண்டே சுரம். படப்பிடிப்பில் இயந்திரச் சுறா அடிக்கடி மக்கர் பண்ணியதால் அதை அதிகம் காட்ட முடியவில்லை. அந்த இரண்டு சுரம் சுறாவின் வேலையைப் பார்த்தது. தண்ணீரைக் காட்டி இசையைப் போட்டால் போதும், வேகம் கூடினால் கிட்டே வருகிறது என்று அர்த்தம். இரண்டு பையன்கள் அட்டையில் செய்த சுறாத் துடுப்பை வைத்து ஊரை ஏமாற்றும் காட்சியில் அந்தச் சுரங்கள் வராது! இசை ஒருபோதும் பொய் சொல்லவில்லை. கதை எழுதுகிறவர்களுக்கு இதில் நேரடியான பாடம் இருக்கிறது. ஒரு பாத்திரம் வரும்போதெல்லாம் வரும் ஒரு சத்தம், வாசனை, கைப்பழக்கம் ஏதாவது ஒன்றைக் கட்டிப்போட்டால், பின்னால் ஆளே வராமல் அந்த வாசனையை மட்டும் வரவழைக்கலாம்.

சுரம் போய் அச்சு மட்டும்

இனி எனக்கு ரொம்பப் பிடித்த இடம். துணுக்கிலிருந்து சுரத்தையே எடுத்துவிட்டு, அதன் நடையை மட்டும் அச்சாக வைத்துக்கொண்டால் அதற்குள் சொல்லை ஊற்றலாம். தமிழில் இந்த அச்சுக்குச் சந்தம் என்று பெயர். குறில் எங்கே, நெடில் எங்கே, வல்லொற்று எங்கே, மெல்லொற்று எங்கே என்பதைத் 'தன', 'தத்த', 'தந்த', 'தான' போன்ற பொருளில்லா ஒலிகளால் குறித்துக்கொள்வது.

பதினைந்தாம் நூற்றாண்டு அருணகிரிநாதரின் திருப்புகழ்ப் பதிப்பு எதையும் திறந்தால் ஒவ்வொரு பாட்டின் தலையிலும் இந்த அச்சு போட்டிருக்கும். 'முத்தைத்தரு' பாட்டுக்கு அது 'தத்தத்தன தத்தத் தனதன'. இது மூன்று முறை வந்து, நாலாவதாகத் 'தனதான' என்று ஒரு சிறு வால் தொங்கும். அதற்குப் பெயரே தொங்கல்.

அச்சை ஒரு முறை சத்தமாகச் சொல்லிப் பார்த்துவிட்டு, பாட்டின் நடுவிலிருந்து இதைப் படியுங்கள்:

பத்துத்தலை தத்தக் கணைதொடு
ஒற்றைக்கிரி மத்தைப் பொருதொரு
பட்டப்பகல் வட்டத் திகிரியில்
இரவாக

முதல் துணுக்கில் இராவணனின் பத்துத் தலை சிதறுகிறது. இரண்டாவதில் பாற்கடலை மலையால் கடைகிறார்கள். மூன்றாவதில் பாரதப் போரில் சக்கரம் பகலை மறைக்கிறது. மூன்று பெரிய கதைகள், துணுக்குக்கு ஒன்று. தொங்கலில் பொழுது இருட்டிவிடுகிறது. இவ்வளவு சிறிய அச்சுக்குள் இராமாயணப் போரை விவரிக்க இடம் ஏது? அந்த நெருக்கடியே 'பத்துத்தலை தத்த' என்ற ஒற்றை வீச்சை வரவழைத்தது. இதில் 'தத்த' என்ற சொல், சந்தத்தின் 'தத்த' வேடம் மாற்றாமல் அப்படியே பாட்டுக்குள் வந்து உட்கார்ந்தது போல இருக்கிறது. பின்னால் போர்க்களத்தில் கிழட்டு ஆந்தை 'குக்குக்குகு குக்குக் குகுகுகு' என்று கத்தும். அதுவும் அதே அச்சு. அடுத்த துணுக்கில் அந்தக் கத்தலே 'குத்திப்புதை புக்குப் பிடி' என்று பேச்சாக மாறும். ஒலியிலிருந்து சொல் கிளம்புவதை இதைவிடக் கிட்டத்தில் பார்க்க முடியாது.

இந்தப் பாட்டுக்கு வழங்கும் கதையும் இங்கே பொருந்தும். திருவண்ணாமலையில் முருகன் 'முத்தைத்தரு பத்தித் திருநகை' என்று அடியெடுத்துக் கொடுத்தார் என்பார்கள். சேக்கிழாருக்கு 'உலகெலாம்', சுந்தரருக்குப் 'பித்தா'. நம் மரபில் கடவுளே வந்தாலும் முழுப் பாட்டைக் கொடுப்பதில்லை என்பதைக் கவனியுங்கள். ஒரு துண்டு கொடுத்துவிட்டுப் போய்விடுகிறார். திருப்புகழில் இன்று கிடைப்பவை 1300க்கு மேல், அருணகிரிக்குக் கிடைத்தது ஒரே ஒரு துணுக்கு.

சினிமாவில் மெட்டுக்குப் பாட்டு எழுதுகிறவர்கள் இன்றும் இதையே செய்கிறார்கள். இசையமைப்பாளர் மெட்டைத் 'தன்னன்னா' என்று தத்தகாரத்தில் பாடிக் கொடுப்பார், அல்லது வாய்க்கு வந்த டம்மி வரிகளைப் போட்டுக் கொடுப்பார். கடல் கடந்தும் அப்படித்தான். பீட்டில்ஸ் குழுவின் பால் மெக்கார்ட்னிக்கு 'எஸ்டர்டே' பாட்டின் மெட்டு வந்தபோது சொல் வரவில்லை. இடத்தைப் பிடித்துவைக்க 'ஸ்கிராம்பிள்ட் எக்ஸ்' என்று பாடிக்கொண்டு திரிந்தார். நம் ஊர்ப் பேச்சில் முட்டைப் பொரியல். பிறகுதான் அந்த மூன்று அசை இறக்கத்துக்குள் 'நேற்று' என்ற பொருள் தரும் சொல் வந்து உட்கார்ந்தது. பாட்டு 1965இல் வெளியானது. அந்த இறங்கும் சுரங்களில் ஒரு பெருமூச்சு ஏற்கெனவே இருந்தது, முட்டை அதில் ஒட்டாது.

ஆகத் துணுக்கு மூன்று விதமாகக் கை கொடுக்கிறது. தானே மாறி வளர்கிறது, தான் மாறாமல் நின்று மற்றதை மாறவைக்கிறது, தன் சுரத்தை உதறிவிட்டு வேறு கலைக்கு அச்சாகிறது.

ஒரு மழைநாள் சோதனை

இதெல்லாம் மேதைகள் சமாசாரம் என்று தோன்றினால் நான் செய்த ஒரு சின்ன சோதனையைச் சொல்கிறேன். போன மழைக்காலத்தில் ஒருநாள் மாலை மின்சாரம் இல்லை. ஜன்னல் தகரத்தில் சொட்டு ஒரே நடையில் விழுந்துகொண்டிருந்தது. காதில் அது 'தன தந்தன தானா' என்று விழுந்தது. சரி, இதற்குள் எதையாவது போட்டுப் பார்ப்போம் என்று உட்கார்ந்தேன். அக்காவும் குழந்தையும் வந்திருந்தார்கள், ஆகவே முதல் வரி சுலபமாக வந்தது: 'மழை வந்தது மாமா'. அடுத்தது 'குடை தந்திடு மாமா'. மூன்றாவதில் வெள்ளம் வந்துவிட்டது என்று சொல்ல நினைத்தேன். 'வெள்ளம்' என்ற சொல் அச்சில் உட்காரவே மாட்டேன் என்றது, முதலில் இரண்டு குறில் வேண்டும். நீர், ஆறு, சேறு எல்லாம் முட்டின. வாசலில் சாக்கடை ஓரம் பார்த்தேன், 'நுரை பொங்குது மாமா'. நுரையை நான் யோசிக்கவே இல்லை, அச்சு என்னை எழுந்து வாசலைப் பார்க்கவைத்தது. கடைசியில் முதல் வரிக்கே திரும்பி ஒரு சொல்லை மட்டும் மாற்றினேன்.

மழை வந்தது மாமா
குடை தந்திடு மாமா
நுரை பொங்குது மாமா
நதி வந்தது மாமா

பெரிய கவிதை என்று சொல்ல மாட்டேன். ஆனால் எங்கள் தெரு நதியானது அந்த நடையால்தான்.

நீங்கள் செய்து பார்ப்பதானால் துணுக்கைச் சின்னதாக எடுங்கள், ஒரு மூச்சுக்கு மேல் வேண்டாம். பிடித்த பாட்டிலிருந்து எடுத்தால் பழைய சொல் கூடவே ஒட்டிக்கொண்டு வரும். தையல் மிஷின், கிரைண்டர், ரயில் என்று சொல் ஒட்டாத சத்தத்திலிருந்து எடுப்பது எளிது. எழுதுவதற்கு முன் பத்துத் தடவையாவது சத்தமாகச் சொல்லுங்கள், பக்கத்தில் இருப்பவர்கள் ஒரு மாதிரிப் பார்த்தாலும் பரவாயில்லை. படம் வரைகிறவர்கள் நடையைக் கோடாக மாற்றலாம்: குறிலுக்குப் புள்ளி, நெடிலுக்கு இழுப்பு.

நான் அந்த நாலு வரியை முணுமுணுத்துக்கொண்டிருந்தபோது அக்கா மகள் ஹோம்வொர்க் நோட்டை மூடி வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாள். ஏழு வயது, சந்தம் என்ற சொல்லே தெரியாது. மூன்றாவது தடவை 'நதி வந்தது மாமா' என்று முடித்து மூச்சு வாங்கியதும், அந்த இடைவெளியில், அதே நடையில், ஒரு மாத்திரை பிசகாமல் அவள் பாடினாள்: "பசி வந்தது மாமா!"

தோசைக்கல்லை வைக்க எழுந்துவிட்டேன்.